அண்ணன் எடுத்த மின்சாரப் பத்திரமும் என் கலியாணமும்

எங்கள் ஊரில் ஒரு மின்கம்பம்கூட இல்லாத காலத்தில் எங்கள் வீட்டில் மின்சாரத்தைப் பற்றிச் சண்டை நடந்தது. சண்டையைக் கிளப்பிவிட்டவன் அண்ணன். அவன் அரசாங்கக் கந்தோரில் எழுதுகிற கிளாக்கர் வேலைக்கான சோதனையில் திரும்பத் திரும்பத் தவறி, கொழும்பில் பெரியப்பாவின் சுருட்டுக் கடையில் சுருட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே மாலை நேரத்தில் மின்சார வேலை சொல்லிக் கொடுக்கிறார்கள், படித்து முடித்தால் பத்திரம் தருவார்கள், படிப்புக்கும் வேலை ஆயுதங்களுக்கும் காசு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். வீட்டில் யாருடைய சுகத்தையும் விசாரிக்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், வேலையென்று வந்துவிட்டால் மனிதர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

ஐயா புகையிலைத் தோட்டக்காரர். எந்தச் செலவையும் புகையிலைக் கன்றாக மாற்றிப் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வரம்பில் நின்று கன்றுகளை உறுத்துப் பார்த்தார். அந்தப் போகத்துக்கு நட்ட அத்தனையையும் மின்சாரம் தின்றுவிடும் என்று கண்டுகொண்டு முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"உந்தப் படிப்பாலை என்ன வரும்?" என்று அம்மா கேட்டார்.

"மாப்பிளை வரும்," என்றார் ஐயா.

இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அன்று எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்குச் சீதனம் கொடுக்க வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகவே எனக்குப் பொருந்தக்கூடியது மாற்றுச் சம்பந்தம் ஒன்றுதான். அதாவது ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுவது. அவர்கள் பெண் எங்கள் வீட்டுக்கு, எங்கள் பெண் அவர்கள் வீட்டுக்கு. சீதனக் கதையை இரண்டு பக்கமும் எடுக்காது. ஆனால் அதற்கு அண்ணனுக்கு ஒரு தரம் வேண்டும். அவன் சுருட்டுக் கடையிலேயே இருந்தால் எனக்கும் ஒரு சுருட்டுக் கடைதான் வாய்க்கும். பத்திரக்காரன் ஆகிவிட்டால் எனக்கு ஒரு கிளாக்கர் கிடைக்கலாம். படிப்பது அவன், இலாபம் நான். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புகையிலை போதாமல் என் காப்புச் சோடியும் அடகுக்குப் போனது. "அழாதை பிள்ளை, உன்ரை காப்புக் கொழும்புக்குப் போய் மாப்பிளையோடை திரும்பி வரும்," என்று ஐயா தேற்றினார். காப்புத் திரும்பி வரவேயில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையின் முடிவில் அது வந்து என் கையில் ஏறும் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

அண்ணன் படித்து முடித்து, பத்திரத்தோடும் ஒரு தோல்பை நிறையக் குறடு, திருப்புளி வகையறாவோடும் வந்து இறங்கினான். ஐயா பத்திரத்துக்குச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களின் வரிசையில் மாட்டினார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் சந்தனம் வைத்த அம்மா, கை நிற்காமல் பத்திரத்தின் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்தார். பட்டணத்தில் அப்போது சில தெருக்களுக்கு மின்சாரம் வந்திருந்தது. அங்குள்ள கடைகளுக்கும் வீடுகளுக்கும் வயர் இழுக்கும் வேலைக்கு அண்ணன் தினமும் சைக்கிளில் போய் வரத் தொடங்கினான். அவனுக்கு அது சொர்க்கம். சாப்பிடும்போதுகூட எந்தக் கடையில் எந்தச் சுவரில் எப்படி வயர் போகிறது என்பதைச் சோற்றில் கோடு கிழித்துக் காட்டுவான்.

அடுத்து வந்தவர் கலியாணம் பேசுகிறவர். டொக்டர், வழக்குப் பேசும் பிரக்கிராசி, கிளாக்கர், ஸ்டேசன் மாஸ்டர், வாத்தியார் என்று மாப்பிள்ளைகளின் படிவரிசை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அண்ணனை எந்தப் படியில் ஏற்றுவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"தம்பி இப்ப என்ன உத்தியோகம்?"

"வயர் இழுக்கிறன்," என்றான் அண்ணன்.

ஐயாவுக்கு உடனே இருமல் வந்தது. "மின்சாரப் பகுதியிலை இருக்கிறார்," என்று திருத்தினார்.

"அது சரி. மேசையிலை இருந்து செய்யிற வேலையோ, கையாலை செய்யிற வேலையோ?"

ஒரு மனிதனை நிறுத்துப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு இந்த ஒரு கேள்வி போதும். மேசை என்றால் உத்தியோகம், கை என்றால் தொழில். உத்தியோகக்காரனுக்கு நாற்காலி போடுவார்கள், தொழில் செய்கிறவனை முற்றத்தில் நிறுத்திக் கதைப்பார்கள். இடையில் ஒன்றும் கிடையாது. அண்ணன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். "தம்பி, தேத்தண்ணி ஆறுது, வா," என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். அடுப்பில் தண்ணீர்கூட வைத்திருக்கவில்லை.

எப்படியோ ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பக்கத்து ஊர் வீடு. மகன் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர், அவருக்கு ஒரு தங்கை. அந்தக் கிளாக்கரை நான் ஒரு முறை கண்டிருக்கிறேன். லீவில் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாண வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலி ஓலைப் பொட்டுக்குள்ளால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். வாசல் படலையடியில் சப்பாத்தைக் கழற்றி, மண்ணைத் தட்டி, இரண்டையும் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. மூக்கும் பிடித்தது. அவரைத்தான் கட்டவேண்டும் என்று நினைத்துவிட்டேன். அப்போது இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

பெண்ணின் தாய்மாமன் அண்ணனைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்த வீட்டில் அவர் ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. அம்மா அண்ணனின் தோல்பையைத் தூக்கி நெல்லுக் கடகப் பெட்டிக்குள் புதைத்தார். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டை அவனுக்கு மாட்டி, சட்டைப் பையில் ஒரு பேனையைக் குத்தி, நகத்துக்குள் இருந்த கறுப்பை ஈர்க்கினால் நோண்டி எடுத்தார். மாமன்காரர் கதைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் அந்தப் பேனையைக் கழற்றி, திருப்புளியைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். நான் யன்னல் மறைவில் நின்று பல்லைக் கடித்தேன்.

மாமன்காரர் பத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். சந்தனப் பொட்டையும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, உந்தக் கரண்ட் எண்டது ஆளுக்கு அடிக்குமோ?"

"ஓம், அடிக்கும்."

"உங்களுக்கு அடிச்சிருக்கோ?"

"ஓம். ஒருக்கால் தூக்கி எறிஞ்சது."

"எறிஞ்சு?"

"எழும்பி வந்து மிச்ச வேலையை முடிச்சன்."

மாமன்காரரின் முகத்தில், மருமகளின் நெற்றிப் பொட்டு அழிவது அப்படியே தெரிந்தது. ஐயா பாய்ந்து விழுந்து சொன்னார்: "அது படிக்கிற காலத்திலை. பத்திரம் எடுத்தாப் பிறகு அடிக்காது."

அண்ணன் திகைத்துப்போய் ஐயாவைப் பார்த்தான். மாமன்காரர் இன்னொரு முறை பத்திரத்தைப் பார்த்தார். அவர் பாதி நம்பிவிட்டார் என்று தெரிந்ததும் ஐயாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. இந்த வருடம் கோயிலில் எங்கள் திருவிழாவுக்கு மின்சார விளக்குத்தான், எல்லாம் தம்பியின் மேற்பார்வை, நீங்கள் குடும்பத்தோடு வந்து கண்ணாலே பார்க்க வேண்டும் என்று அழைத்துவிட்டார். அண்ணனுக்கே அது அப்போதுதான் தெரியும்.

எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. ஐந்தாம் திருவிழா எங்களுடையது. ஆறாம் திருவிழா முன்வீட்டுக்காரருடையது. நாங்கள் ஒரு கூட்டம் மேளம் பிடித்தால் அவர்கள் இரண்டு பிடிப்பார்கள். அவர்கள் காஸ் லைற்றை வீதி முழுக்கத் தூக்கினால் நாங்கள் அதற்கு மேலால் ஏதாவது செய்யாவிட்டால் ஐயாவுக்குச் சோறு இறங்காது. சுவாமிக்கு இதில் எவ்வளவு அக்கறை என்பது யாருக்கும் தெரியாது. அந்த முறை எஞ்சினும் டைனமோவும் வாடகைக்கு வந்தன. குருநகர்ப் பக்கத்தில் மாதா கோயில் பெருநாளுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்த எஞ்சின் அது என்று அறிந்ததும், அம்மா அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசினார். எஞ்சின்காரர் மஞ்சள் தண்ணீரை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும், ஐயா ஒரு சட்டம் போடாமல் இருந்திருந்தால்.

"நீ ஒண்டையும் கையாலை தொடக்கூடாது. நிண்டு சொல்லு, மற்றவன் செய்யட்டும்."

"உது சொல்லிச் செய்விக்கிற வேலை இல்லை ஐயா."

"உத்தியோகம் எண்டால் சொல்லிச் செய்விக்கிறதுதான். மாமன்காரன் வந்து பாக்கேக்கை நீ குறடும் கையுமாய் நிண்டால் எல்லாம் போச்சு."

ஆகவே மின்சாரம் தெரிந்தவன் பட்டுவேட்டி கட்டிக் கீழே நின்றான். மின்சாரம் தெரியாதவர் மேலே ஏறினார். அவர் வருடா வருடம் கோயிலுக்குத் தோரணம் கட்டுகிறவர், மாவிலைக்கு வேண்டிய முடிச்சு அத்தனையும் அவருக்குக் கைவந்தது. கோயில் வீதியில் நின்ற பெரிய வேப்பமரத்தில்தான் இரண்டு நீள வயர்களைச் சேர்க்கவேண்டியிருந்தது. கழுத்து நோக அண்ணாந்து, வயருக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளையும் தனித்தனியாகச் சுற்று, நாடா ஒட்டு, ஒன்றில் ஒன்று முட்டவிடாதே என்று அண்ணன் கத்தினான். மேலேயிருந்து எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று பதில் வந்தது. தோரண முடிச்சுப் போட்டுவிட்டு அவர் இறங்கிவிட்டார். அண்ணன் ஏறிப் பார்க்கத் துடித்தான். ஐயா அவன் சால்வையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது பட்டு எஞ்சினை ஓடவிட்டபோது வீதி முழுக்க வெளிச்சம் வந்தது. சனம் வாய் திறந்து நின்றது. மாமன்காரர் முன்வரிசையில் நின்று தலையாட்டினார். கிளாக்கரும் லீவெடுத்து வந்திருந்தார், சால்வையை மடிப்புக் குலையாமல் இடுப்பில் கட்டியிருந்தார். அவருடைய தங்கை தாயோடு பெண்கள் பக்கம் எங்களுக்குக் கிட்டவே நின்றாள். ஐயா ஆறாம் திருவிழாக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவர் அவ்வளவு புகையிலையையும் கொடுத்திருப்பார்.

சுவாமி வெளி வீதிக்கு வந்தார். அதே நேரம் தெற்கே இருந்து அடிக்கும் சோளகக் காற்றும் வந்தது. வேப்பங்கொப்பு ஆடியது, மேலே படீரென்று ஒரு பொறி பறந்தது, எல்லாம் அணைந்துவிட்டது. சுவாமிக்கு முன்னால் பிடித்த தீவட்டியைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. காஸ் லைற்றுகள் இந்த முறை வேண்டவே வேண்டாம் என்று ஐயா வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஐஞ்சாம் திருவிழா இவ்வளவுதானோ? நாங்கள் வீட்டை போகலாமோ?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஆறாம் திருவிழாக்காரரின் குரல் கேட்டது.

எங்கே பிழை என்று அண்ணனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தச் சொன்னான். தோரணம் கட்டுகிறவரை மறுபடி ஏறச் சொன்னார் ஐயா. "பொறி பறக்கிற மரத்திலை நான் ஏறமாட்டன்," என்று அவர் கும்பிட்டுவிட்டார். அண்ணன் வேட்டியை மடித்தான். ஐயா மறித்தார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, "தம்பி, தங்கச்சியை நினை," என்றார்.

அவன் நினைத்தான். நினைத்ததோடு நிற்காமல் நேரே என்னிடம் வந்துவிட்டான்.

"என்ன செய்ய?" என்று கேட்டான்.

என் கலியாணத்தைப் பற்றி எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் முறை. அதற்கு இருட்டும், நடு வீதியில் நிற்கும் சுவாமியும், நிறுத்தவா வாசிக்கவா என்று தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்த நாதசுரமும் தேவைப்பட்டன. அவன் சும்மா நின்றால் பழியை எஞ்சினில் போட்டுவிடலாம், கிளாக்கர் எனக்குத்தான். அவன் மரத்தில் ஏறினால் அவன் உத்தியோகக்காரன் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். எனக்கு எல்லாரிலும் கோபம் வந்தது. ஐயாவில், மாமன்காரரில், தோரண முடிச்சில், இதைக் கொண்டுவந்து என் தலையில் வைத்த அண்ணனில். ஆனால் அவன் விரல்களைப் பார்த்தேன். குறடு இல்லாமலே அவை வேலை செய்துகொண்டிருந்தன. கையெட்டும் தூரத்தில் தன் பிழையில்லாத பிழை ஒன்று கிடக்க, அதைத் திருத்த விடாமல் அவனை நிறுத்தி வைத்து, அதன் மேல் நான் குடும்பம் நடத்துவதா?

"ஏறு அண்ணை," என்றேன். "ஏறித் துலை."

தீவட்டி வெளிச்சத்தில் அவன் மரத்தடிக்கு ஓடியது தெரிந்தது. அதற்குமேல் இலை சலசலக்கும் சத்தம்தான். பிறகு மேலேயிருந்து "இப்ப போடு!" என்று ஒரு கத்தல். எஞ்சின் உறுமியது. வீதி பளிச்சென்று வந்தது. அந்த வெளிச்சத்தில் சனம் முதலில் கண்டது என் அண்ணனைத்தான். பட்டுவேட்டியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டி, ஒரு காலைக் கொப்பில் சுற்றி, பல்லில் குறட்டைக் கடித்துக்கொண்டு, வியர்வையில் திருநீறு வழிய, தலைக்கு நேரே விளக்கு எரிய, மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். அம்மா மறுபடி தோல்பையைப் புதைத்து வைத்த நெல்லுக் கடகத்திலிருந்து அந்தக் குறட்டை அவன் எப்போது எடுத்து மடியில் செருகினான் என்பது சுவாமிக்குத்தான் தெரியும். "அரோகரா!" என்று சனம் எழுப்பிய சத்தம் யாருக்காக என்பதை நான் விசாரிக்கவில்லை.

மாமன்காரர் பிரசாதம் வாங்காமலே போய்விட்டார். மறுநாள் கலியாணம் பேசுகிறவர் வந்து, "மரம் ஏறிற ஆளுக்கு அவை பொம்பிளை குடுக்க மாட்டினமாம்," என்றார். கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களுக்கு மச்சானைப் பற்றி என்ன சொல்வது என்று கிளாக்கரும் கேட்டாராம். நான் கிணற்றடியில் வாளியைச் சத்தமாகப் போட்டுப் போட்டு அழுதேன். எனக்கு உண்மையாகவே வலித்தது. நல்ல மூக்கு அது. "லைற் எரியாமல் விட்டிருந்தால் கலியாணம் நடந்திருக்கும்," என்று ஐயா கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆறாம் திருவிழாக்காரர் தன் திருவிழாவுக்கும் அண்ணனையே கூப்பிட்டார். ஐயா விடவில்லை.

சில மாதம் கழித்துக் கலியாணம் பேசுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி படலையைத் திறந்தார். கிளாக்கரின் தங்கை சோறு தின்கிறாள் இல்லையாம். கட்டினால் அந்த மரத்தில் நின்ற ஆளைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். மாமன்காரர் ஏசிப் பார்த்தார், சாத்திரியிடம் கட்டுக் கேட்டுப் பார்த்தார், கடைசியில் களைத்துப்போனார். கிளாக்கரை அதற்குள் நல்ல சீதனத்தோடு வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே மாற்றுச் சம்பந்தம் இல்லை. பெண்ணுக்குக் காணியும், மாப்பிள்ளையின் தங்கைக்கென்று எங்கள் வழக்கப்படி கையில் காசும் தருவார்களாம்.

ஐயாவுக்குத் தலை சுற்றியது. எனக்காகச் செய்த செலவுக்கு அண்ணனுக்கு அல்லவா வரவு வந்து நிற்கிறது. தங்கை இருக்கத் தான் கட்டமாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றான். அதனால் மறுபடியும் என்னைக் கேட்கவேண்டியதாகிவிட்டது. இந்த முறை நான் ஆயத்தமாக இருந்தேன்.

"அண்ணை கட்டட்டும். அந்தப் பிள்ளை பட்டினி கிடந்து சாகப்போகுது. என்ரை பேராலை வாற காசிலை எனக்கும் ஒரு பத்திரம் எடுத்துத் தாங்கோ ஐயா. வாத்தியார்ப் பயிற்சிக்குப் போறன்."

நான் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புவரை படித்து, நல்ல புள்ளிகளோடு தேறியவள். இதுவரை நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஐயா என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பொம்பிளைப்பிள்ளை பத்திரம் எடுத்து என்ன வரும்? மாப்பிளை வருமோ?"

"மாசாமாசம் சம்பளம் வரும். மாப்பிளை வராட்டிலும் வரும்."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். ஐயா வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார், பாக்கை எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார்:

"பயிற்சிக்குப் போறதெண்டால் பிள்ளைக்கு எத்தினை சீலை வேணும்?"